முதல் நாவலைச் சொந்தக் காசில் போடும்போது: எதில் செலவழிப்பது, எதில் கையை இறுக்குவது

அச்சகத்தில் விலை கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "500 பிரதின்னா ஒண்ணு 79 ரூபா சொச்சம் சார், 1000 போட்டா 62 சொச்சம்தான்." கேட்டவர் உடனே மனக்கணக்குப் போடுவார். மொத்தம் 39,600 ரூபாய் ஆகவேண்டியது 62,300 ஆகிறது. அப்படியானால் கூடுதலாக வரும் 500 பிரதிகளும் தலைக்கு 45 ரூபாய்தான். அட்டையில் 300 ரூபாய் என்று போடப்போகிற புத்தகம் 45 ரூபாய்க்கு வருகிறதென்றால் யாருக்குத்தான் கை நீளாது? முதல் நாவலைத் தாமே வெளியிடுகிறவர்களின் பணம் அதிகமாக முடங்குவது இங்கேதான். விற்கிற பிரதிக்குத்தான் 45 ரூபாய் மலிவு. விற்காவிட்டால் 22,700 ரூபாய் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும்.

இங்கே சொல்லும் விலைகள் கணக்கைப் புரியவைக்க எடுத்துக்கொண்டவை. காகித விலை ஏறி இறங்கும், ஊருக்கு ஊர் கூலி மாறும். எந்தச் செலவு பிரதிகளோடு சேர்ந்து ஏறுகிறது, எது ஏறுவதில்லை என்பதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் ஊர் விலையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட நாவல் இது: சுமார் 55,000 சொற்கள், டெமி 1/8 அளவு (சுமார் 5.5க்கு 8.5 அங்குலம்), 256 பக்கம், 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்.எஸ். மேப்லித்தோ தாள், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு அட்டை, மேட் லேமினேஷன், பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகைப் பசையால் ஒட்டுவது). தமிழில் ஒரு நடுத்தர நாவலின் வழக்கமான உருவம் இதுதான்.

ஆஃப்செட் விலை எப்படி வருகிறது

ஆஃப்செட் என்பது பிளேட் எனும் தகடு செய்து ஓட்டும் அச்சு முறை. டெமி 1/8-இல் ஒரு ஃபாரம் (ஒன்றாக மடிக்கும் பக்கத் தொகுதி) என்பது 16 பக்கம். 256 பக்கத்துக்கு 16 ஃபாரம். 23க்கு 36 அங்குலத் தாளில் ஒரு புறத்துக்கு 16 என்று இருபுறமும் 32 பக்கம் ஏறும் என்பதால் ஒரு பிரதிக்கு 8 தாள். 500 பிரதிக்கு 4,000 தாள், அதாவது 8 ரீம். இயந்திரத்தில் மை சமன்படும்வரை ஓடுகிற தாள், பைண்டிங்கில் வீணாகிற தாள் எல்லாம் சேர்த்து 10 சதவீதம் கூட வைத்தால் 8.8 ரீம்.

ரீமின் எடையை நீங்களே கணக்கிடலாம். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 3,100-ஆல் வகுத்தால் 500 தாளின் எடை கிலோவில் கிடைக்கும். 23 × 36 × 70 ÷ 3,100 = 18.7 கிலோ. கிலோ 95 ரூபாய் என்று வைத்தால் 8.8 ரீமுக்கு ஏறக்குறைய 15,600 ரூபாய். இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும், காகிதத்துக்கு என்று சொல்லப்படும் தொகை நியாயமா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்றவை: 8 தாளுக்கும் புறத்துக்கு ஒன்றாக 16 பிளேட், ஒன்று 350 வீதம் 5,600. ஓட்டுக்கூலி ஒரு பிளேட்டுக்கு 400 வீதம் 6,400. அட்டைக்கு நான்கு வண்ணம், போர்டு, லேமினேஷன் எல்லாம் சேர்த்து 6,000. பைண்டிங் 12 ரூபாய் வீதம் 6,000. கூட்டினால் 39,600 சொச்சம்.

1000 பிரதிக்குப் போனால் பிளேட் செலவில் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஓட்டுக்கூலியும் ஏறாது, ஏனென்றால் 500 ஓட்டினாலும் 1000 ஓட்டினாலும் ஆயிரம் ஓட்டத்துக்கான குறைந்தபட்சக் கூலியைத்தான் பெரும்பாலான அச்சகங்கள் வாங்கும். காகிதம், அட்டை, பைண்டிங் மட்டும்தான் ஏறும். அந்த 45 ரூபாய்க்குப் பின்னால் மந்திரம் ஒன்றுமில்லை. எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். 300 பிரதி என்றால் ஒன்று 100 ரூபாயைத் தொடும், 200 என்றால் 128-க்குப் போய்விடும்.

டிஜிட்டல் முறையில் பிளேட்டே கிடையாது. இதே நாவல் ஒரு பிரதி 120 ரூபாய் என்றால், 50 போட்டாலும் 150 போட்டாலும் கிட்டத்தட்ட அதே விலைதான். ஆகவே 200-க்கும் 300-க்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஆஃப்செட் மலிவாகத் தொடங்குகிறது. உங்கள் ஊர் அச்சகங்களில் இரண்டு முறைக்கும் விலை வாங்கி அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

என் தீர்ப்பு: முதல் நாவலுக்கு 100 முதல் 150 பிரதி, டிஜிட்டலில். 150 பிரதிக்கு 18,000 ரூபாய். 500 ஆஃப்செட்டோடு ஒப்பிட்டால் பிரதிக்கு 41 ரூபாய் கூட, ஆக 6,150 ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள். பதிலுக்கு 21,600 ரூபாய் கையில் தங்குகிறது. இன்னொரு லாபமும் உண்டு. எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் முதல் இருபது வாசகர்கள் பத்துப் பிழையாவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். அவற்றைத் திருத்திவிட்டு ஆஃப்செட்டுக்குப் போகலாம். மூன்று மாதத்தில் 150 போய்விட்டால் தயங்காமல் 500 போடுங்கள்.

பக்கம்தான் பணம்

விலையைக் குறைக்க அச்சகத்தாரோடு பேரம் பேசுவதற்கு முன்னால் பக்க வடிவமைப்பில் கைவைக்கலாம். ஆஃப்செட்டில் 256 பக்கத்துக்கும் 260 பக்கத்துக்கும் வித்தியாசம் நான்கு பக்கம் அல்ல. அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாகப் பிளேட், ஓட்டு, மடிப்பு எல்லாம் வேண்டும். 16-இல் வகுபடும் எண்ணில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் குறைந்தது 8-இல். முதல் அச்சு டிஜிட்டல் என்றாலும் இப்படியே நிறுத்திவிட்டால் பிறகு ஆஃப்செட்டுக்குப் போகும்போது வடிவமைப்பை மறுபடி தொட வேண்டாம்.

அத்தியாயம் ஒவ்வொன்றும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். 40 அத்தியாயம் இருந்தால் சராசரியாக 20 வெற்றுப் பக்கம் விழும். அது ஒரு ஃபாரத்துக்கும் மேல். சிறிய அத்தியாயங்கள் உள்ள நாவலில் அடுத்தடுத்த பக்கத்திலேயே தொடங்கலாம், வாசிப்பவர் யாரும் குறைப்படமாட்டார்.

பிறகு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை, என்னுரை, நன்றியுரை. ஐந்தும் சேர்ந்தால் இன்னொரு ஃபாரம் போயிற்று. நாவலைப் பாராட்டி நால்வர் எழுதியதைத் தாண்டித்தான் நாவலுக்குள் நுழைய வேண்டும் என்றால் வாசகர் பாவம். ஒரே ஓர் உரை, அதுவும் இரண்டு பக்கம், போதும்.

எழுத்தளவைக் குறைத்துப் பக்கத்தை மிச்சப்படுத்தலாம், ஆனால் எல்லை உண்டு. பல எழுத்துருக்களில் 11 புள்ளி நாவலுக்குச் சரியாக வரும். 10.5-க்குக் கீழே போனால் ணை, ளை போன்றவற்றின் சுழிகள் மையில் அடைபடும். தமிழில் மேலே இகரக் குறி, கீழே உகரக் குறி என்று இருபுறமும் நீட்டல் இருப்பதால் 11 புள்ளிக்கு 15 புள்ளி வரியிடைவெளியாவது விடவேண்டும். பைண்டிங் பக்கத்து ஓரம் 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பசை போட்டு ஒட்டுகிற புத்தகம் முழுதாக விரியாது, உள் ஓரம் குறைந்தால் வரியின் கடைசி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். இதில் மிச்சம் பிடித்த புத்தகத்தைப் படிப்பவர் இரண்டு கையாலும் பிளந்து பிடிப்பார், நூறாவது பக்கத்தில் தாள் கழன்று வரும்.

தாள் 60 ஜிஎஸ்எம்மா 70-ஆ என்ற கேள்வியில் வித்தியாசம் ஏழில் ஒரு பங்கு. 60-இல் பின்பக்க எழுத்து தெரியும் அபாயம் உண்டு. மாதிரித் தாளில் இருபுறமும் அச்சடித்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வெள்ளை வெளேரென்ற தாளைவிட என்.எஸ். எனப்படும் மங்கிய நிறத் தாள் நாவலுக்குக் கண்ணுக்கு இதம். இரண்டின் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூனிகோடை விட்டு விலகாதீர்கள்

செலவு இரட்டிப்பாகிற இன்னொரு இடம் எழுத்துரு. கணினியும் செல்பேசியும் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோட் குறிமுறையில் நீங்கள் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். வடிவமைப்பவர் தன்னிடம் உள்ள பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் அமைப்பார். அந்த மாற்றத்தில் ஸ்ரீ, க்ஷ போன்றவை உடையும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறும், வரி நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது தமிழ்க் குப்பையாகிவிடும். அதையெல்லாம் மெய்ப்பில் பிடித்துத் திருத்துவீர்கள். திருத்தம் முழுவதும் பழைய எழுத்துருக் கோப்பில்தான் இருக்கும். பிறகு மின்னூல் போடலாம் என்று நினைக்கும்போது திரும்பவும் யூனிகோடுக்கு மாற்றி, மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் இப்போதைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கைச்செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸிலேயே பாணிகளை (ஸ்டைல்ஸ்) ஒழுங்காக அமைத்து, பக்க அளவைக் கொடுத்து, பிடிஎஃப் எடுக்கலாம். படமில்லாத நாவலுக்கு அது தாராளம். எழுத்துருவுக்கும் காசு வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலவச எழுத்துருக்களைத் தருகிறது. வெளியில் கொடுத்தால் பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 7,700 ரூபாய். அப்படிக் கொடுக்கும்போது பேசிக்கொள்ள வேண்டியவை மூன்று: எத்தனை சுற்றுத் திருத்தம் கூலிக்குள் அடங்கும், திறந்த கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா, மின்னூலுக்கான கோப்பு தனிக்கூலியா. திறந்த கோப்பு கையில் இல்லையென்றால் மறு அச்சில் ஓர் எழுத்தைத் திருத்தவும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

திருத்த வேண்டியதை எல்லாம் பக்கம் அமைப்பதற்கு முன்பே திருத்துங்கள். வேர்டு கோப்பில் ஒரு பத்தியை நீக்குவது இலவசம். அமைத்து முடித்த பக்கத்தில் நீக்கினால் அந்த அத்தியாயம் முழுக்க நகரும், பக்க எண்ணிக்கை மாறும், அட்டையின் முதுகு அளவு மாறும். நாவலாசிரியர்களுக்குப் பக்கமாகப் பார்க்கும்போதுதான் புதுப்புது யோசனை வரும் என்பது வடிவமைப்பாளர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள்.

செம்மையாக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

பிரதி செம்மையாக்கமும் மெய்ப்பும் வேறு வேறு வேலைகள். செம்மையாக்குபவர் நாவல் எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் நடுவில் காணாமல் போகிறது, எட்டாம் அத்தியாயத்தில் செத்தவர் இருபதாம் அத்தியாயத்தில் எப்படிக் காப்பி குடிக்கிறார் என்று கேட்பார். மெய்ப்பு பார்ப்பவர் எழுத்துப் பிழை, ஒற்று, குறிகள், விட்டுப்போன வரி பார்ப்பார். முன்னதற்குப் பக்கம் 60 ரூபாய் என்றால் 15,400. பின்னது பக்கம் 10 ரூபாய் வீதம் இரண்டு சுற்றுக்கு 5,100. பட்ஜெட்டில் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பிரதிகளைக் குறையுங்கள், விழாவை விடுங்கள், இதில் மட்டும் கை வைக்காதீர்கள். தாள் சுமாராக இருந்தாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார், நாவல் சுமாராக இருந்தால் அடுத்த நாவலைத் தொடமாட்டார்.

ஆனால் அந்தக் கூலி வீணாகாமல் பார்த்துக்கொள்ளலாம். செம்மையாக்குபவரிடம் கொடுக்கும் முன் வாணி எழுத்துப்பிழை திருத்தியிலும் நாவி சந்திப்பிழை திருத்தியிலும் அத்தியாயம் அத்தியாயமாக ஓட்டுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம். வட்டார வழக்கு உரையாடலை இவை பிழையென்று காட்டும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். பிறகு ஒரு தாளில் நடைப் பட்டியல் எழுதுங்கள்: பாத்திரங்களின் பெயர், வயது, உறவுமுறை, ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல், உரையாடலில் "வந்துட்டான்" என்றா "வந்திட்டான்" என்றா, எண்களை எழுத்தாலா இலக்கத்தாலா, ஃ பயன்படுத்துவீர்களா இல்லையா. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் உங்கள் பாத்திரம் வேண்டுமென்றே பேசிய பேச்சை அவர் திருத்துவார், நீங்கள் பழையபடி மாற்றுவீர்கள், இருவர் நேரமும் வீண்.

மொத்தமாகப் பேசி முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்துப் பக்கத்துக்குக் கூலி கொடுத்து மாதிரி கேளுங்கள். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தித் தந்தால் அவர் மெய்ப்பு பார்ப்பவர். அதற்குரிய கூலியே போதும்.

நாவலில் சினிமாப் பாட்டு வரியை மேற்கோள் காட்டியிருந்தால் இப்போதே கவனியுங்கள். இந்தியாவில் பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அனுமதி வாங்கி அலைவதைவிட "ரேடியோவில் பழைய பாட்டு ஓடியது" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அட்டை

வடிவமைப்புக்கு 5,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். இதற்குமேல் கொடுப்பதும் கீழே கொடுப்பதும் உங்கள் ரசனை. ஆனால் முதுகின் அகலத்தைக் குத்துமதிப்பாகப் போடச் சொல்லாதீர்கள். 256 பக்கம் என்றால் 128 தாள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்றால் 13 மில்லிமீட்டர் வரும். பல்க்கி தாள் என்றால் இன்னும் தடிமன். அச்சகம் வைத்திருக்கும் அதே தாளின் தடிமனைக் கேட்டு, பக்க எண்ணிக்கை முடிவானபின் அட்டையை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழுக்கி வந்துவிடும். படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறம் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்), சுற்றிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல். திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், அதற்கு அச்சகத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. படம் யாருடையது, வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்பிஎன், நூலகப் பிரதி, வரி

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு இந்தியாவில் கட்டணமே இல்லை. கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி கொடுக்கிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கித் தருபவர்கள் உங்கள் சோம்பலுக்குத்தான் கூலி வாங்குகிறார்கள். அதைவிட முக்கியம், எண் யார் பெயரில் வருகிறதோ அவர்தான் பதிவேட்டில் பதிப்பாளர். நாளைக்கே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பக்கம் அமைக்கக் கொடுக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் அட்டை முடியும்போது எண் கைக்கு வரும்.

பதிப்புரிமை நீங்கள் எழுதிய கணமே உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விமர்சனப் பிரதி, செம்மையாக்கியவர், அட்டை வரைந்தவர், படித்துக் கருத்துச் சொன்ன நண்பர்கள் என்று சேர்த்தால் 25 பிரதி இலவசமாகவே போகும். 150 அச்சிட்டால் விற்பனைக்கு 125 என்றே கணக்கிடுங்கள்.

அச்சடித்த நூலின் விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அச்சகத்தின் பில்லில் ஜிஎஸ்டி வரும். நூலுக்கு வரி இல்லாததால் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே "வரி சேர்த்தா, சேர்க்காமலா" என்று கேளுங்கள். இரண்டு அச்சகங்களின் விலை வித்தியாசம் சில சமயம் வெறும் வரி வித்தியாசமாகவே இருக்கும். லேமினேஷன், பெட்டி கட்டுவது, லாரி வாடகை சேர்ந்ததா என்பதும் அதே கேள்வியில் அடங்கட்டும்.

பேக்கேஜ் பற்றி

எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று வெளியிட்டுத் தரும் நிறுவனங்கள் நிறைய. நேரமில்லாதவர்களுக்கு உதவும், குற்றமில்லை. கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியவை: ஐஎஸ்பிஎன் யார் பெயரில், மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைப் பற்றி ஏதாவது வரி உண்டா, உரிமைத்தொகை அட்டை விலையிலா, செலவு போக மிஞ்சுவதிலா, நீங்கள் கூடுதல் பிரதி வாங்கினால் என்ன விலை, விலகினால் கோப்பு கிடைக்குமா. கூடுதல் பிரதி விலைதான் பொறி. பேக்கேஜ் மலிவாக இருந்து, பிரதி ஒன்று 190 ரூபாய் என்றால் 300 ரூபாய்ப் புத்தகத்தைக் கடையில் வைக்கவே முடியாது. ஏன் என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

விலையும் வரவும்

கடைக்காரருக்கு 35 முதல் 40 சதவீதம் கழிவு கொடுக்க வேண்டும். சில இடங்களில் இன்னும் கேட்பார்கள். 300 ரூபாய்ப் புத்தகத்தில் 40 சதவீதம் போனால் உங்களுக்கு 180. நேரடியாக விற்றால் புத்தகக் கண்காட்சி வழக்கப்படி 10 சதவீதம் தள்ளி 270, அதில் அஞ்சலும் உறையும் 50 போனால் 220. பாதிக்குப் பாதி என்றால் சராசரி 200.

இதுவரை சொன்ன நிலையான செலவு செம்மையாக்கம், மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை சேர்த்து 33,200. டிஜிட்டல் பிரதியில் 200 கழித்தல் 120, மிச்சம் 80. அந்த 33,200-ஐ எடுக்க 415 பிரதி விற்க வேண்டும். 500 ஆஃப்செட் என்றால் அச்சுச் செலவு 39,600-ஐயும் சேர்த்து 72,800, அதை எடுக்க 364 பிரதி போதும். இதைப் பார்த்துவிட்டு மறுபடி ஆஃப்செட்டை நோக்கி ஓடாதீர்கள். தமிழில் புதியவரின் நாவல் 300 பிரதி போவதே பெரிய காரியம். முதல் 125 விற்றால் கைக்கு வருவது 25,000 ரூபாய் அளவில். அச்சுச் செலவான 18,000-ஐ எடுத்துவிட்டு 7,000 மிஞ்சும். நிலையான செலவில் மீதியை முதல் நாவல் திருப்பித் தராமலே போகலாம். அந்த 26,000 ரூபாயை இழக்க மனம் ஒப்பினால் மட்டும் இறங்குங்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ செய்கிற வேலை இல்லை இது.

நூலக ஆணை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பொது நூலகத் துறை வாங்கினால் நல்லதுதான், விண்ணப்பியுங்கள். ஆனால் அட்டையில் உள்ள விலை அங்கே அப்படியே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பணமும் உடனே வராது. வரவுப் பத்தியில் அதற்குச் சுழியம் போட்டுக் கணக்கிடுங்கள்.

கடைகளுக்குக் கொடுப்பது விற்றபின் காசு என்ற ஏற்பாட்டில்தான். ஒவ்வொரு கடைக்கும் ஐந்து பிரதி, இரண்டு நகல் டெலிவரி சலான், ஒன்றில் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களாகக் கேட்டால்தான் பணம் வரும். இருபது கடையில் ஐந்தைந்து வைத்துவிட்டுத் துரத்துவதைவிட, கேட்டால் பதில் சொல்கிற நான்கு கடை மேல். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு நாவலுக்காக அரங்கு எடுக்க நினைக்காதீர்கள். வாடகை, ஆள், தங்குமிடம் எதுவும் கட்டாது. ஏற்கெனவே அரங்கு வைத்திருக்கும் பதிப்பகத்திடம் கழிவு கொடுத்து வையுங்கள்.

அஞ்சலில் விதிகள் மாறிவிட்டன. புத்தகக்காரர்கள் நம்பியிருந்த பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே முதல் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது, 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு நூல்களுக்கானது என்பதால் உங்கள் அஞ்சலகத்தில் நாவலை ஏற்கிறார்களா என்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அஞ்சல் கட்டணத்தை அறிவியுங்கள். 2025-இல் பதிவு அஞ்சலும் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. நம் 256 பக்க நாவல் 70 ஜிஎஸ்எம்மில் சுமார் 290 கிராம், உறையோடு 300-ஐத் தாண்டிவிடும். 240 பக்கத்தில் நிறுத்த முடிந்தால் உறையோடும் 300-க்குள் அடங்கும்.

மின்னூலுக்கு அச்சுச் செலவு இல்லை, யூனிகோட் கோப்பு இருந்தால் ஒரு நாள் வேலை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் ஏற்கப்படுகிறது, ஐஎஸ்பிஎன் தேவையில்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அதன் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35. செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது. அச்சு நூலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் பணம் வங்கிக்கு வரும்.

வெளியீட்டு விழா என்ற பத்தியில் மண்டபம், பேனர், அழைப்பிதழ், டீ, பிஸ்கட், பொன்னாடை என்று பத்துப் பன்னிரண்டாயிரம் சத்தமில்லாமல் போகும். நூறு பிரதி அச்சிடும் காசு. வந்தவர்கள் சொந்தக்காரர்கள், அவர்கள் எப்படியும் வாங்குவார்கள். ஏற்கெனவே மாதாமாதம் கூடும் ஒரு வாசகர் வட்டத்தில் நாவலைப் படித்துவிட்டுப் பேசச் சொன்னால் டீச்செலவோடு முடியும்.

பெட்டி வந்ததும்

அச்சகத்துக்குப் பாதி முன்பணம், மீதி பிரதி கைக்கு வந்து பார்த்தபின். ஆஃப்செட்டுக்கு முன்னால் ஒரே ஒரு டிஜிட்டல் டம்மிப் பிரதி போட்டு முழுக்கப் புரட்டுங்கள், நானூறு ஐந்நூறு ரூபாய் ஆனாலும் சரி. பெட்டி வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிரதி எடுத்து, ஃபாரம் விட்டுப்போயிருக்கிறதா, இரண்டு முறை வந்திருக்கிறதா என்று 1, 17, 33 என்று பதினாறு பதினாறாகத் தாண்டிப் பாருங்கள். நடுவில் விரித்துப் பசை பிடித்திருக்கிறதா பாருங்கள். லேமினேஷன் ஓரத்தில் உரிகிறதா என்று நகத்தால் லேசாகக் கீறுங்கள். குறையுள்ள பிரதிக்கு மாற்று உண்டு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கியிருந்தால் வாக்குவாதம் இராது. பெட்டிகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் வையுங்கள். கரையான் வருவது பெரும்பாலும் சுவர் வழியாகத்தான்.

வாசகர்கள் சொல்லும் பிழைகளைப் பக்கம், வரி எண்ணோடு ஒரே கோப்பில் குறித்து வாருங்கள். மறு அச்சுக்குப் போகும்போது அதை அப்படியே வடிவமைப்பாளரிடம் கொடுக்கலாம். எழுத்துப்பிழை திருத்தி மறுபடி அச்சிடுவதற்கு அதே ஐஎஸ்பிஎன் போதும். அத்தியாயம் சேர்த்தோ நீக்கியோ மாற்றினால் அது புதிய பதிப்பு, புதிய எண் வேண்டும். பிரதி 30-க்கு வந்ததும் மறு அச்சுக்கு விலை கேட்கத் தொடங்குங்கள். காகித விலை மாறியிருக்கும், பழைய விலைப்புள்ளியை யாரும் மதிக்கமாட்டார்கள்.